வேலூர் மெக்கானிக் என்கிற சுகன்யா அண்ணி

அண்ணன் வேலூர் ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தபோது நான்தான் எடுத்தேன். அண்ணி எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். "அப்பாவத் தறிய நிறுத்தச் சொல்லு" என்றார்.

எங்கள் தெருவில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் முதலில் அந்த வீட்டுத் தறி நிற்கும். சத்தம் குறைந்ததைக் கவனித்துப் பக்கத்து வீட்டுத் தறிகளும் ஒவ்வொன்றாக நிற்கும். நான் தறிக்குழி அருகே போய் நின்றேன். அப்பா என் முகத்தைப் பார்த்துவிட்டு இழை ஓட்டும் நாடாவைக் கீழே வைத்தார். மஞ்சள் காமாலை என்று அண்ணியைச் சேர்த்து ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை.

நாளை அண்ணிக்குக் காரியம். மண்டபத்தில் படத்திறப்பும் உண்டு. "அடக்கமான பொண்ணு, நல்ல மருமகள்னு நாலு வார்த்தை பேசினா போதும். கம்பெனிக்குப் போனது, ஸ்க்ரூ டிரைவர் புடிச்சதெல்லாம் யாரும் எடுக்கக் கூடாது" என்று அப்பா சொல்லிவிட்டார். அண்ணன் தனியாக என்னிடம் வந்து, நீயாவது பேசு என்றார். அதனால் அப்பா தூங்கிய பிறகு எழுதுகிறேன். அவர் இருமினால் பேனா நின்றுவிடுகிறது. உண்மையிலேயே பயமாக இருக்கிறது. ஆனால் நாளை மண்டபத்தில் அண்ணியைத் தெரியாதவர்களும் இருப்பார்கள். அடக்கமான பெண் என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனால் அவர்களுக்குக் கடைசிவரை அண்ணியைத் தெரியாமலே போய்விடும்.

அண்ணிக்குப் பெரணமல்லூர் பக்கம் ஒரு சின்ன ஊர். அவருடைய அப்பா அம்மா இருவரும் கூலி வேலைக்குப் போகிறவர்கள். பன்னிரண்டாவது முடித்ததும் அண்ணி ஸ்ரீபெரும்புதூர் பக்கம் டிவி செய்யும் கம்பெனி ஒன்றில் சேர்ந்தார். அந்தக் கம்பெனிக்குப் பெண்களை ஏற்றிப்போகும் பஸ்ஸை ஓட்டியவர் என் அண்ணன். இவரை ஏன் பிடித்தது என்று ஒருமுறை கேட்டேன். "விடிகாலையில பஸ் ஏறினா எல்லாரும் தூங்கிடுவோம். முழிச்சிக்கினு வர்ற ஒரே ஆளு உங்க அண்ணன்தான். நம்பிக் கட்டிக்கினேன்" என்றார்.

எங்கள் வீட்டில் அந்தக் கல்யாணம் யாருக்கும் சம்மதமில்லை. அப்பா அண்ணியிடம் பேசவே மாட்டார். அம்மா பேச வேண்டியதை என் வழியாகப் பேசுவார். அண்ணி எதிரிலேயே நிற்பார். "அவங்களச் சாப்புடச் சொல்லு" என்று அம்மா என்னிடம் சொல்வார். "சாப்புடறேன்னு சொல்லு பாப்பா" என்று அண்ணியும் அதே முறையில் பதில் அனுப்புவார். எனக்குச் சிரிப்பு வரும். சிரித்தால் அடி விழும்.

அப்படி இருக்கும்போதுதான் டிவி கெட்டது. சத்தம் வந்தது, படம் இல்லை. பார்க்க வந்த மெக்கானிக் பேனலே போய்விட்டது, புதிது வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். பழைய சாமான்காரர் வந்தால் போட்டுவிடலாம் என்று அப்பா சொல்லிவிட்டார். அன்று மதியம் அண்ணி என்னை விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டு, செல்போன் டார்ச்சைத் திரைக்கு அருகில் பிடித்தார். இருட்டுக்குள்ளே மங்கலாக ஆட்கள் நடமாடிக்கொண்டிருந்தார்கள். "உசுரு கீது பாப்பா. பின்னால எரியற லைட்டுதான் போயிருக்கு" என்றார்.

அண்ணன் ஆரணி பஸ் நிலையத்துப் பக்கமிருந்து லைட் பட்டைகளை வாங்கி வந்தார். அப்பா சேலை ஒப்படைக்க முதலாளி வீட்டுக்குப் போன நாளாகப் பார்த்து, கூடத்தில் மெத்தை விரித்து டிவியைப் பிரித்தார் அண்ணி. அண்ணன் பஸ்ஸில் இருந்தார். கண்ணாடியைத் தூக்க நான்தான் துணை. கண்ணாடி உடைந்தால் என்ன ஆகும் என்று எங்கள் இருவருக்குமே தெரியும். வந்தவள் வீட்டுப் பொருளையும் உடைத்தாள் என்று சொல்லி அன்றைக்கே அவரை ஊருக்கு அனுப்பியிருப்பார்கள். அண்ணி எண்ண, இருவரும் ஒன்றாகத் தூக்கி மெத்தைமேல் வைத்தோம்.

பட்டைகளை மாற்றி, கண்ணாடியைத் திரும்பப் பொருத்தி, மேசைமேல் நிறுத்திப் போட்டோம். வெளிச்சம் வந்தது. ஆனால் பாதிப் படம்தான் சரியாக இருந்தது. மறுபாதி முழுக்க மேலிருந்து கீழாகக் கோடுகள். முகங்கள் பச்சையாக இருந்தன. பேனலுக்குப் போகும் பட்டை ஒயர் இரண்டு, ஆளுக்குப் பாதிப் படம், அதில் ஒன்று சரியாக உட்காரவில்லை என்றார் அண்ணி. நான் முன்னால் நின்று இடது பக்கம் என்றேன். அவர் பின்னால் நின்று, ஸ்விட்சை அணைத்து, இடது ஒயரைக் கழற்றிச் சொருகினார். போட்டால், நன்றாக இருந்த பாதியும் போய்விட்டது. மறுபடி கழற்றினார், மறுபடி சொருகினார். "மாமா வர்ற நேரம். பேஜாராப் போச்சே" என்று முனகினார்.

சமையற்கட்டு வாசலில் அம்மா நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியாது.

"யாரோட இடது?" என்றார் அம்மா. "நீ அந்தப்பக்கம் நின்னுகினு கீற. அவ இந்தப்பக்கம் கீறா. தெருப்பக்கம் கோடு கீது. தெருப்பக்கத்து ஒயரப் பாரு."

தறியில் யாரும் இடது வலது சொல்வதில்லை. பாவு நூலைப் பிணைக்கும்போது அப்பா ஒருபுறமும் அம்மா எதிர்ப்புறமும் இருப்பார்கள். ஒருவர் இடது மற்றவருக்கு வலது. அதனால் தெருப்பக்கம், கொல்லைப்பக்கம் என்றுதான் பேச்சு. பிறந்ததிலிருந்து கேட்ட எனக்கு அது அந்த நேரத்தில் தோன்றவில்லை.

அண்ணி டிவிக்கு மேலே தலையை நீட்டி அம்மாவைப் பார்த்தார். "சரிங்க அத்த" என்றார். நடுவில் நான் இல்லாமல் அவர்கள் பேசிய முதல் பேச்சு அதுதான்.

அம்மா என்னைத் தள்ளிவிட்டுத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தார். அண்ணி ஒயர் முனையை மெல்லிய துணியால் துடைத்துச் சொருகி, "தெரியுதா?" என்று பின்னாலிருந்து கேட்டார். "கொல்லப்பக்கம் வந்துடுச்சி. தெருப்பக்கம் நாலு இழை நிக்குது" என்றார் அம்மா. இன்னொரு முறை கழற்றி, நேராக வைத்து, ஒயர்ப் பூட்டை அழுத்தினார். கடைசிக் கோடும் போயிற்று.

"கம்பெனில மூணு வருஷம் இந்த ஒயரத்தான் சொருகினேன் அத்த" என்றார் அண்ணி. "அங்க கண்ணாடி கவுந்துகினு இருக்கும். படம் வந்துச்சான்னு ஒருநாளும் பாத்ததில்ல."

"இப்பிடி வா" என்றார் அம்மா. "வந்து பாரு." தன் பக்கத்தில் இடம் விட்டார்.

சாயங்காலம் அப்பா வந்தார். டிவி ஓடிக்கொண்டிருந்தது. யார் சரிசெய்தது என்று கேட்டார். "வூட்ல இருக்கறவங்கதான்" என்றார் அம்மா. அப்பா கை கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். மறுநாள் தெருவில் கேட்டவர்களிடம், வேலூரிலிருந்து ஒரு மெக்கானிக் வந்து பார்த்துவிட்டுப் போனதாகச் சொன்னார். நான் அழுதேன். அண்ணி சிரித்தார். "ஒரே நாள்ல பெரணமல்லூர்ல இருந்து வேலூருக்கு மாத்திட்டாரு. நல்ல புரமோஷன்தான்" என்றார்.

ஆனால் சில நாள் கழித்து, அப்பா சாப்பிட்டுக்கொண்டே திரையைப் பார்த்துச் சொன்னார், யாரிடமும் இல்லாமல்: "கொல்லப்பக்கம் மேல் மூல கொஞ்சம் மங்கலா கீது." அண்ணி மறுநாளே பிரித்து, ஒரு பட்டையைத் திருத்தி ஒட்டினார். அதற்குப் பிறகு எது கெட்டாலும் அப்பா இப்படித்தான் சுவரிடம் புகார் சொல்வார். அண்ணி எழுந்து போவார். அவர்கள் பேசிக்கொண்டது அவ்வளவுதான். அதையும் நான் பேச்சு என்றே நினைக்கிறேன்.

தெருப் பெண்களுக்கு உண்மை தெரிந்துவிட்டது. ஆண்கள் வெளியே போன நேரம் பார்த்து அண்ணியைக் கூப்பிடுவார்கள். கூடவே அம்மாவும் போவார், திரைக்கு முன்னால் உட்கார்ந்து சொல்வதற்கு. எங்கள் தெருவில் இன்று ஓடும் டிவிகளில் பல அவர்கள் இருவரும் சேர்ந்து பிழைக்கவைத்தவை. உள்ளே ஒன்றுமே தெரியாமல் எப்படிப் பிரிக்கிறீர்கள் என்று கேட்டேன். "தெரிஞ்சது ஒரே ஒரு ஒயரு பாப்பா. அதுல இருந்து விசாரிச்சிக்கினே போவேன்" என்றார். இப்படி ஒருவர் எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்தார் என்பதில் எனக்குப் பெருமை. அதை மறைத்து ஒரு நல்ல வார்த்தை எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இதுவரை எழுதி முடித்தபோது அம்மா எழுந்து வந்துவிட்டார். தாளை ஒளிக்க நேரமில்லை. நின்றபடியே முழுவதும் படித்தார். கிழிப்பார் என்று நினைத்தேன். என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். "மண்டபத்துல அப்பா கொல்லப்பக்கம் உக்காருவாரு. நான் தெருப்பக்கம் உக்காந்துகினு இருப்பேன். அங்கியே பாத்துப் படி" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனார்.

அண்ணி, நாளை நான் தெருப்பக்கம் பார்த்துத்தான் படிப்பேன். டிவிக்குப் பின்னாலிருந்து ஒவ்வொரு முறையும் கேட்பீர்களே, தெரியுதா என்று. மூலை வரைக்கும் தெரிகிறது அண்ணி. போய் வாருங்கள்.