ஆட்சேபம் உண்டா?

வங்கியில் அவளுடைய சொந்தப் பெயர் யாருக்கும் நினைவில்லை. கமா அக்கா என்றால்தான் தெரியும். ஆண்டறிக்கை எழுதுவது அவள் வேலை. ஒரு கமாவுக்காகத் துறைத் தலைவர்களையே மாடி ஏறி இறங்க வைப்பாள். அப்படிப்பட்டவள் இந்த வருடம் ஒரே ஒரு பக்கத்தை வைத்துக்கொண்டு விழி பிதுங்கிக் கிடந்தாள்.

புதிய நிலக்கரி ஆலைகளுக்கு வங்கிகள் கடன் தரக் கூடாது என்று அரசு சட்டம் கொண்டுவரப் பார்த்தது. இவர்களுடைய வங்கி அதை ஆதரிப்பதாக ஊரெல்லாம் சுவரொட்டி. ஆனால் வங்கிகளின் சங்கம் அமைச்சரிடம் போய் நின்று சட்டத்தைத் தள்ளிப்போட வைத்தது. அந்தச் சங்கத்தில் இந்த வங்கியும் உறுப்பினர். விளம்பரத்துக்கு ஒரு வாய், அமைச்சருக்கு ஒரு வாய். "சங்கத்தின் முடிவில் எங்களுக்குப் பங்கில்லை என்று எழுதுங்க" என்றார் மேலாளர்.

பங்கு இருந்தது. அமைச்சரிடம் போவதென்று முடிவெடுத்த சங்கக் கூட்டத்துக்குத் தனக்குப் பதிலாக அவளைத்தான் மேலாளர் அனுப்பினார். "சும்மா போய் உட்காருங்க, வாயைத் திறக்காதீங்க." அங்கே ஒரு வழக்கம். தலைவர் "ஆட்சேபம் உண்டா?" என்பார். பேசாமல் இருப்பவர் எல்லாரும் சம்மதித்தவர். அது தெரியாமல் அவள் பிஸ்கட்டைக் கடித்தபடி பிடித்து வைத்த பிள்ளையாராக உட்கார்ந்திருந்தாள். கூட்டம் கலைந்தபோதுதான் உறைத்தது.

போன மழைக்குத் தம்பி வீட்டில் மறுபடி முழங்கால் தண்ணீர். மெத்தையைப் பிழிய உதவப் போனாள்.

"நிலக்கரிப் புகையாலதான் மழை இப்படிக் கொட்டுதுங்கறாங்க. அந்தச் சட்டத்தை உங்க பேங்க்தான் ஆதரிச்சுதே அக்கா. அப்புறம் யாரு தடுத்தா?"

மெத்தையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு குனிந்தே நின்றாள். வெட்கமாக இருந்தது.

இயக்குநர் குழு அறிக்கையை விவாதத்துக்கு எடுத்துக்கொண்ட நாளில், திரையில் பக்கம் புரட்டுவதற்காக அவள் கடைசி நாற்காலியில் இருந்தாள். குழுத் தலைவி கேட்டார்: "ஆட்சேபம் உண்டா?"

"உண்டுங்க மேடம்." "சங்கத்தோட முடிவுல நமக்குப் பங்கு உண்டு. அன்னைக்கு நம்ம நாற்காலியில இருந்தது நான். நான் பேசலை. அதைச் சம்மதம்னு எடுத்துக்கிட்டாங்க."

மேலாளர் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் தலைவி பழம் தின்று கொட்டை போட்டவர். "நல்லதாப் போச்சு. 'ஓர் ஊழியர் அனுமதியின்றிச் சம்மதித்தார்'னு போட்டுடுங்க. நீங்களே எழுதுங்க, உங்களுக்குத்தான் நல்லா வரும்."

உண்மையைச் சொன்னதற்குக் கிடைத்த பரிசு அது. பழியைத் தூக்கி அவள் தலையிலேயே கட்டிவிட்டார்கள்.

இடத்துக்கு வந்து அந்த வாக்கியத்தைத் தட்டச்சு செய்து பார்த்தாள். 'ஓர் ஊழியர் அனுமதியின்றி' என்பதை அழித்துவிட்டு 'வங்கி சம்மதித்தது' என்று எழுதினாள். ஒளிக்கவில்லை. மாற்றியதை மின்னஞ்சலின் முதல் வரியிலேயே சொல்லி, குழுவினர் எல்லாருக்கும் அனுப்பினாள். மாலைக்குள் எழுத்தில் ஆட்சேபம் வராவிட்டால் அறிக்கை அச்சுக்குப் போய்விடும். இது இந்த வங்கியின் வழக்கம். நாளைக்கு வேலை இருக்குமோ என்னவோ.

மேலாளர் ஓட்டமும் நடையுமாக வந்தார். "என்ன அக்கா இது? மாத்துங்க முதல்ல!"

"ஆட்சேபம்னா எழுதிக் குடுங்க சார். பொய்யை எழுதச் சொன்னது யாருன்னு உங்க பேரோட இருக்கட்டும்."

அவர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். வாயைத் திறக்கவில்லை.