பிடோக்கில் சடசடவெனப் பெய்த பனி

பனியைப் பற்றி நான் எழுதியது ஒரே ஒரு கதை. அந்த ஒரு கதைக்காகச் சிங்கப்பூரின் தமிழ் வாசகர்கள், அதாவது எங்கள் வாசகர் வட்டத்தின் பன்னிரண்டு பேர், நான் பனியில் புரண்டு எழுந்தவன் என்று பதினைந்து வருடங்களாக நம்பிவந்தார்கள். கனடாவுக்குப் போனதாக நான் யாரிடமும் சொன்னதில்லை. போகவில்லை என்றும் சொன்னதில்லை. யாராவது "அங்க குளிர் எப்படி சார்?" என்று கேட்டால் கண்ணை லேசாக மூடி, "அதையெல்லாம் வார்த்தையில சொல்ல முடியாதுங்க" என்பேன். என்னைப் பொறுத்தவரை அது கலப்படமில்லாத உண்மை.

கதை பிறந்தது நான் குடியிருக்கும் பிடோக் வட்டாரத்தில், எங்கள் தேவாலயப் பங்கின் கிறிஸ்துமஸ் மலருக்காக. அந்த நாட்களில் கோவிலில் குடில் கட்டும் பொறுப்பு என்னிடம் இருந்தது. குடிலுக்குப் பனி பெய்விப்பதும் நான்தான். லிட்டில் இந்தியாவில் ஒரு மருந்துக்கடையில் சுருள் சுருளாகப் பஞ்சு வாங்கி, மெல்லிசாகப் பிய்த்து, மாட்டுக்கொட்டகையின் மேலும் பக்கத்தில் நின்ற பிளாஸ்டிக் ஈச்சமரத்தின் மேலும் பரப்புவேன். மிச்சம் இருந்தால் ஒட்டகத்துக்கும் கொஞ்சம். பெத்லகேம் ஒட்டகத்தின் முதுகில் ஏன் பனி என்று ஒருவரும் கேட்டதில்லை. இவ்வளவு பனியைக் கையாண்டவன் ஒரு பனிக்கதை எழுதினால் என்ன என்று தோன்றியது.

கதை இதுதான். கனடாவில் ஒரு தமிழ்க் குடும்பம். கிறிஸ்துமஸுக்கு முந்தைய மாலை. மூன்று வருடமாகப் பேசாத அண்ணன் மனம் மாறி, கையில் கேக்கோடு தம்பி வீட்டு வாசலில் வந்து நின்று மணியை அடிக்கிறான். கூரைமேல் பனி சடசடவெனக் கொட்டுகிறது. அந்த இரைச்சலில் உள்ளே இருப்பவர்களுக்கு மணிச் சத்தம் கேட்கவில்லை. அண்ணன் திரும்பிப் போய்விடுகிறான். காலையில் வாசலில் கேக் பெட்டி மட்டும். பங்கு மக்களில் பாதி அழுதது. மீதிப் பாதி, கேக் என்ன ஆயிற்று என்று கேட்டது.

வானத்திலிருந்து எது விழுந்தாலும் சத்தத்தோடுதான் விழும் என்பது இந்தத் தீவில் பிறந்தவனின் பட்டறிவு. அதற்காக நான் படிக்காதவன் என்று நினைத்துவிட வேண்டாம். பழந்தமிழர் ஆண்டின் ஆறு பருவங்களில் இரண்டை முன்பனி, பின்பனி என்று பனிக்கே எழுதிவைத்தது எனக்குத் தெரியும். வாடைக்காற்று தலைவியரை என்ன பாடுபடுத்தியது என்றும் தெரியும். தடி தடியான ரஷ்ய நாவல்களின் மொழிபெயர்ப்புகளை மின்விசிறியின் கீழே, பக்கத்தில் வேர்வைத் துண்டோடு படித்தவன் நான். அவற்றில் சறுக்குவண்டியின் குதிரை மணி ஒலிக்கும், ஓநாய் ஊளையிடும், யாராவது ஒருவர் விடாமல் இருமுவார். பனியின் சத்தத்தைப் பற்றி மட்டும் எந்த நாவலிலும் ஒரு வரி இல்லை. அதை நான் கவனித்தேன். அந்தப் பெரியவர்கள் தவறவிட்ட இடத்தை நிரப்பிவிட்டதாகப் பெருமைப்பட்டேன்.

போன டிசம்பரில் வாசகர் வட்டத்தின் அமைப்பாளர் தொலைபேசினார். ஓய்வுபெற்ற தமிழாசிரியர், பேச்சில் மட்டும் சிங்கப்பூர் 'லா' வந்து ஒட்டிக்கொள்ளும். என் கதையை முதலில் கொண்டாடியவரும் அவர்தான்.

"இந்த மாசக் கூட்டத்துக்கு உங்க பனிக்கதைதான். புதுசா ஒரு பொண்ணு வட்டத்துல சேந்திருக்கு லா. கோயம்புத்தூர். சாஃப்ட்வேர் வேலை. இங்க வர்றதுக்கு முன்னாடி எட்டு வருஷம் ஃபின்லாந்துல இருந்துச்சாம். கதையப் பத்தி அதையே பேசச் சொல்லிட்டேன். பனியத் தெரிஞ்ச ரெண்டு பேர் பேசினா எப்படி இருக்கும்!"

"அருமையா இருக்கும்" என்றேன். குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

மனைவி காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். கத்தி நின்றது.

"ஏங்க, பனி விழுந்தா நெஜமாவே சத்தம் வருமா?"

"வராம?"

"பஞ்சு மாதிரி இருக்கும்னு சொல்றாங்க. பஞ்சு விழுந்தா சத்தம் வருமா?"

பஞ்சு விஷயத்தில் நான் நிபுணன். பல வருடங்கள், பல சுருள்கள். ஒரு தடவைகூட ஒட்டகம் திடுக்கிட்டதில்லை. எனக்குச் சில்லென்றது. என் வாழ்நாளின் முதல் அசல் குளிர் அதுதான்.

யூடியூபில் தேடினேன். பனி பெய்யும் காணொளிகள் ஆயிரம் இருந்தன. எல்லாவற்றிலும் பின்னணியில் பியானோ. பனி பெய்யும் நாடுகளில் ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் பியானோ வாசித்துக்கொண்டிருப்பார் என்பதைத் தவிர வேறு எதுவும் விளங்கவில்லை.

"இங்கேயே ஜூரோங் பக்கம் உள்ளரங்கப் பனிக்கூடம் இருக்குல்ல? நேர்லயே போய்ப் பாத்துடுவோம்" என்றாள் மனைவி. அவள் முகத்தில் என் மானத்தைக் காப்பாற்றும் கவலையைவிட வேறொன்று அதிகமாகத் தெரிந்தது. கல்யாணமான புதிதில் அவளுக்குப் பனி காட்டுவதாக நான் கொடுத்த வாக்கு, இருபத்தாறு வருடம் கழித்து எம்ஆர்டி ரயிலில் நிறைவேறப்போகிறது.

குளிருக்கு வேண்டியதை வாங்க லிட்டில் இந்தியாவுக்குப் போனோம். தமிழன் உலகின் குளிருக்கு அளித்த ஒரே பதில் குரங்குக் குல்லா. கடைக்காரத் தம்பி மெரூன் நிறத்தில் இரண்டை எடுத்துப் போட்டார்.

"எந்த நாட்டுக்குண்ணே?"

"ஜூரோங்."

"ஜூரோங்கா?"

"ஜூரோங் ஈஸ்ட்."

அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "அப்ப ஆன்ட்டிக்குக் கையுறையும் சேத்து எடுத்துக்குங்க."

பனிக்கூடத்தில் மைனஸ் ஐந்து. வாடகைக் குளிர்ச்சட்டை, முட்டிவரை பூட்ஸ், தலையில் குல்லா. மூக்குக்கண்ணாடி முழுக்க ஆவி படிந்து, மனைவி எங்கே என்றே எனக்குத் தெரியவில்லை. "ஏங்க! ஏங்க!" என்ற அலறல் மட்டும் மேலிருந்து கீழே போனது. ரப்பர் வளையத்தில் உட்கார்ந்து சறுக்கிக்கொண்டு போகிறாள். பள்ளி விடுமுறை. அவளுக்கு முன்னாலும் பின்னாலும் ஏழு வயதுப் பிள்ளைகள். அவள் நான்காவது முறை ஏறியபோது பொறுக்க முடியாமல் நானும் ஏறினேன். இறங்கினேன் என்று சொல்ல முடியாது, பாதி வழியில் வளையம் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் பிரிந்தோம். மல்லாந்து கிடந்து கூரையைப் பார்த்தபோதுதான் அது தெரிந்தது. மூலையில் ஒரு எந்திரம் பனியை ஊதிக்கொண்டிருந்தது. பழைய பேருந்தின் எஞ்சின் மாதிரி இரைச்சல்.

"சத்தம் வருது! ஏய், பனிக்குச் சத்தம் வருது!" என்று கிடந்தபடியே கத்தினேன்.

"அது மெஷின் சத்தம்ங்க."

"பனி எங்கேருந்து வருது?"

"மெஷின்லேருந்து."

"அப்ப அது யாரோட சத்தம்?"

அவளுக்கு மூச்சு வாங்கும்படிச் சிரிப்பு வந்துவிட்டது. அதை நான் ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டேன். வீடு திரும்பும் ரயிலில் பிடோக் வரும்வரை இருவரும் குல்லாவைக் கழற்றவில்லை. எதிரில் இருந்தவர் இடம் மாறி உட்கார்ந்தார்.

கூட்டத்தன்று வெளியே மழை. நூலக அறையில் குளிரூட்டி வழக்கம்போல யார்மீதோ பழி தீர்த்துக்கொண்டிருந்தது. வட்டத்தினர் எல்லோரும் அனுபவசாலிகள், ஸ்வெட்டரோடு வந்திருந்தார்கள். ஃபின்லாந்துப் பெண் மட்டும் மெல்லிய பருத்திச் சுடிதாரில் கிடுகிடுவென நடுங்கிக்கொண்டிருந்தாள்.

என் மனைவியால் தாங்க முடியவில்லை. "ஏம்மா, எட்டு வருஷம் அந்தக் குளிர்ல இருந்துட்டு இங்க நடுங்குறீங்க?"

"அங்க வெளியதாங்க ஆன்ட்டி குளுரு. வீட்டுக்குள்ள டி-ஷர்ட்டோட சுத்துவோம். நீங்க அத்தனையையும் உள்ள புடிச்சு வெச்சிருக்கீங்க!"

மனைவி கைப்பையிலிருந்து குரங்குக் குல்லாவை எடுத்துக் கொடுத்தாள். அந்தப் பெண் மறுபேச்சில்லாமல் மாட்டிக்கொண்டாள். ஆக, என் இலக்கிய வாழ்வின் தீர்ப்பை ஒரு மெரூன் குல்லா வாசிக்கப்போகிறது.

அமைப்பாளர் அறிமுகம் செய்தார். "பனியின் ஓசையைத் தமிழுக்குத் தந்தவர் நம் எழுத்தாளர்" என்று மேடைத் தமிழில் ஆரம்பித்து அவளிடம் ஒப்படைத்தார்.

"கதை ரொம்பப் புடிச்சதுங்க சார்" என்றாள். "ஒரே ஒரு சந்தேகம்ங்க. இது எந்த ஊருங்க? பனி சத்தமே போடாதுங்க. ராத்திரி முழுக்கப் பேஞ்சிருக்கும், காலைல கதவத் தொறந்தாத்தான் தெரியும். ஒருவேளை இது ஆலங்கட்டி மழையோன்னு ரெண்டு தடவ படிச்சேன்."

ஆலங்கட்டி! கடவுளே அனுப்பிவைத்த சொல். ஆமாம் என்று தலையசைத்தால் போதும், பதினைந்து வருட மரியாதை அப்படியே பிழைத்துக்கொள்ளும். அசைக்கத்தான் போனேன். முன்வரிசையில் மனைவி இருந்தாள். கீழுதட்டைக் கடித்துக்கொண்டு, தோள்கள் குலுங்க, பனிக்கூடத்தில் சறுக்குவதற்கு முன் வளையம் உச்சியில் நின்ற நொடியில் இருந்த அதே முகத்தோடு. அதைப் பார்த்ததும் எனக்குப் பொய் வழுக்கிவிட்டது.

"பிடோக்" என்றேன்.

"எதுங்க சார்?"

"நீங்க கேட்டீங்களே, எந்த ஊர்னு. பிடோக். நான் கனடா போனதே இல்ல. பனிய மொத மொதல்ல பாத்தது போன வியாழக்கிழமை, ஜூரோங்ல."

அறையில் அமைதி. ஃபின்லாந்தில் பெய்வது போன்ற அமைதி. முதலில் சிரித்தது குல்லாதான். அப்புறம் மனைவி. அப்புறம் எல்லோரும். பின்வரிசையில் ஒருவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, "பதினஞ்சு வருஷமா இவர்கிட்டதான் வெளியூர் போக என்ன ஸ்வெட்டர் வாங்கணும்னு கேட்டுட்டிருக்கேன் லா!" என்று விக்கினார்.

அமைப்பாளர் மட்டும் சிரிக்கவில்லை. நெற்றியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"சார், மன்னிச்சுக்குங்க" என்றேன்.

"உங்கள விடுங்க. அப்ப ஸ்கூல்ல நான் இந்தக் கதையக் கருத்தறிதல் பரீட்சைக்குக் குடுத்தேன். 'பனி எவ்வாறு பெய்தது?' ரெண்டு மார்க். வகுப்பே சடசடவெனன்னு எழுதுச்சு. ஒரு பொண்ணு மட்டும், லீவுக்கு ஜப்பான் போயிட்டு வந்தது, 'சத்தமில்லாமல்'னு எழுதிடுச்சு."

"என்ன போட்டீங்க?"

"முட்டை. கூடவே, 'கதையைக் கவனமாகப் படி'ன்னு சிவப்புல எழுதிவிட்டேன்."

அதோடு கூட்டம் கூட்டமாக இல்லாமல் போயிற்று. அமைப்பாளர் அங்கேயே கைப்பேசியை எடுத்தார். அந்த மாணவி இப்போது ஒரு வங்கியில் பெரிய வேலையில் இருக்கிறாளாம், தீபாவளிக்கு வாழ்த்து அனுப்புவாளாம். உன் விடை சரி, இரண்டு மதிப்பெண் தருகிறேன் என்று அனுப்பினார். இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது. அவரே சத்தமாகப் படித்தார்: "தேங்க்யூ சார். அம்மாகிட்ட சொல்றீங்களா? அன்னிக்கு நல்லா திட்டு வாங்குனேன்."

எனக்கு மட்டும் ஒரு கவலை பாக்கி இருந்தது. பனி சத்தம் போடவில்லை என்றால் மணி கேட்டிருக்கும். மணி கேட்டால் கதவு திறக்கும். கதவு திறந்தால் அண்ணன் உள்ளே வந்து கேக்கை வெட்டுவான். கதையே இல்லை. நூலக வாசலில், நடைபாதைக் கூரைமேல் மழை கொட்டிக்கொண்டிருக்க, இதைக் கத்திக் கத்தி மனைவியிடம் சொன்னேன்.

"என்னங்க?"

"கதை போச்சுன்னேன்!"

அவள் குடையை விரித்தபடி என் காதருகே வந்தாள். "காலிங் பெல்லுல பேட்டரி தீந்துபோச்சுன்னு எழுதுங்க. நம்ம வீட்டுதும் ஆறு மாசமா அப்படித்தான் இருக்கு."