மனோரமா வைத்த பேர்

யோகலட்சுமிக்கு அந்தப் பேரை வைத்தவள் மனோரமா. மனோரமா யாரோ எவளோ இல்லை. பள்ளிகொண்டாவில் அடுத்த தெரு. ஆம்பூர் ஷூ கம்பெனியில் பக்கத்து மெஷின், கம்பெனி பஸ்ஸிலும் பக்கத்து சீட். அவர்கள் லைனில் ஒரு வழக்கம் உண்டு. மதியம் யாரும் தன் டப்பாவைத் தான் திறக்க மாட்டார்கள், பக்கத்தில் இருப்பவள்தான் திறப்பாள். யோகாவின் டப்பாவை எத்தனையோ வருஷம் மனோரமாதான் திறந்தாள். "இன்னாடி, மறுபடியும் கத்திரிக்காயா?" என்று அலுத்துக்கொண்டே அதை வழித்துச் சாப்பிடுவாள்.

லைனில் மயங்கி விழுந்த ஒரு பெண்ணை மறுநாளே வேலையை விட்டு நிறுத்தினார்கள். பொம்பளைகள் எல்லோரும் மெஷினை விட்டு எழுந்து கேட்டுக்கு வெளியே போய் உட்கார்ந்தார்கள். யோகாவும் உட்கார்ந்தவள்தான். ஆனால் மகள் எழிலரசிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்த நேரம். உட்கார்ந்தவர்களுக்கெல்லாம் சீட்டுக் கிழியும் என்று சூப்பர்வைசர் போன் போட்டுச் சொன்னதும் அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. மறுநாள் காலை கம்பெனி அனுப்பிய வேனில் தலையைக் குனிந்தபடி ஏறினாள். அவளைப் பார்த்து இன்னும் சிலர் ஏறினார்கள். போராட்டம் பிசுபிசுத்துப் போனது, மயங்கி விழுந்தவளுக்கு வேலையும் போனது போனதுதான். யோகாவின் பயத்தில் நியாயம் இல்லையென்று சொல்ல முடியாது. அதே பயம் மற்றவர்களுக்கும் இருந்தது, அவர்கள் வெயிலில்தான் இருந்தார்கள்.

வேன் கேட்டுக்குள் நுழையும்போது மனோரமா எழுந்து நின்று கத்தினாள். "அடியே கருங்காலி!"

அன்று சாயங்காலம் யோகா புருஷனிடம் கேட்டாள். பரந்தாமன் அணைக்கட்டுப் பக்கம் மரம் வெட்டப் போகிறவர்.

"கருங்காலின்னா மரந்தானே? அத ஏன் ஆளுங்களுக்குச் சொல்றாங்க?"

"வெறும் இரும்ப வச்சிக்கினு இன்னா பண்ண முடியும்? கோடாலிக்குக் காம்பு வேணும்ல? கருங்காலி நல்ல கெட்டி, அதுலதான் காம்பு போடுவாங்க. காட்டுல பொறந்த மரமே காம்பா வந்து நின்னாத்தான் காடு விழும். அதான், கூட இருந்தே கழுத்தறுக்கிறவனுக்கு அந்தப் பேரு வந்துச்சுன்னு எங்கப்பா சொல்வாரு."

சொல்லி முடித்தபிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தார்.

எழிலரசி கல்யாணத்துக்கு லைனிலிருந்து ஒருத்தியும் வரவில்லை. மனோரமா பஸ்ஸில் இடம் மாறிக்கொண்டாள், சொல்லி மெஷினையும் மாற்றிக்கொண்டாள். யோகா தன் டப்பாவைத் தானே திறந்து சாப்பிட்டாள். தண்ணீர் பிடிக்கப் போனால் "கருங்காலி வர்றா, வழி விடுங்க" என்பார்கள். சுருக்கென்று தைக்கும்.

நாள் போகப் போக அவளுக்கு ஒன்று பிடிபட்டது. சூப்பர்வைசரை யாரும் கருங்காலி என்று சொல்வதில்லை, மேனேஜரையும் சொல்வதில்லை. அவர்கள் இரும்பு. காட்டில் பிறந்த ஒன்றைத்தான் அப்படித் திட்ட முடியும். அப்படியென்றால் மனோரமா திட்டத் திட்ட, இவள் நம்மவள் என்ற நினைப்பும் அவளுக்குள் இருக்கத்தானே வேண்டும்? பைத்தியக்காரி, இதைப் பிடித்துக்கொண்டாள். மனோரமா குழாயடியில் நிற்கும் நேரம் பார்த்துக் காலி பாட்டிலைத் தூக்கிக்கொண்டு போவாள். அந்த ஒரு வார்த்தை விழுந்தால் போதும், அன்றைக்கு மனசு கொஞ்சம் ஆறும்.

வருஷங்கள் ஓடின. பழைய ஆட்கள் ஒவ்வொருவராக நின்றார்கள், புது ஆட்கள் வந்தார்கள். திட்டுவதும் கம்மியாகி, ஒருநாள் இல்லாமலே போய்விட்டது.

போன வாரம் தூபா என்றொரு பெண் புதிதாகச் சேர்ந்தாள். அவளை மனோரமா பக்கத்தில் உட்கார வைத்தார்கள். மதியம் சாப்பிடும்போது அந்தப் பெண் சாதாரணமாகக் கேட்டாள்.

"அக்கா, அந்தம்மா ஏன் தனியா சாப்புடுறாங்க? யாரு அவங்க?"

யோகாவின் கை சோற்றிலேயே நின்றது. சொல்லு மனோ, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்லு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. மனோரமா திரும்பி யோகாவைப் பார்த்தாள். கண்ணில் கோபமே இல்லை.

"தெர்லமா. நம்ம பஸ்ல வர்றவங்க போல."

கேட்டில் பேர் வைத்த அன்றுகூட அழாத யோகா, சாப்பாட்டை மூடிவைத்துவிட்டு அழுதாள்.