அம்மா வைத்த நெருப்பு

மொட்டை மாடியில் என் மகன் இறைச்சியைப் புகையில் வேகவைக்கும் ஸ்மோக்கர் டிரம்முக்குள் கரியை வளையமாக அடுக்கி, ஒரு முனையில் மட்டும் பற்றவைத்தான். "ஒண்ணுலேருந்து ஒண்ணு தானா பத்திக்கும்மா. சாயங்காலம் வரைக்கும் மட்டன் மெதுவா வேகும். பக்கத்துல யாரும் இருக்கவே வேணாம்."

எண்பதுகளில் என் அம்மாவும் அப்படித்தான் அடுக்குவாள். பல்லாவரம் தோல் கம்பெனிக்குக் கிளம்பும் முன் குமுட்டி அடுப்பில் கரியை ஓரமாகச் சுற்றி வைத்து, ஒரு துண்டை மட்டும் பற்றவைத்து, ஆட்டுக்கால் சட்டியை ஏற்றிவிட்டுப் போவாள். நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது எங்கள் தாம்பரம் சந்து முழுக்க மிளகு மணக்கும்.

தண்டவாளம் தாண்டும்போது ரயில் மோதி அவள் செத்துப்போன அன்றும் மணந்தது.

வாசலில் கூட்டம். சாவு வீட்டில் அடுப்பு எரியக்கூடாது என்று எதிர்வீட்டு ராணியக்கா சொம்புத் தண்ணீரோடு உள்ளே வந்தாள். அடுப்பெதிரே உட்கார்ந்திருந்த அப்பா கையை நீட்டித் தடுத்தார். "ஊத்தாத ராணி. அவ வச்ச நெருப்பு. தானா அணையட்டும்."

கடைசிக் கரி சாம்பலாகும்வரை அவர் எழுந்திருக்கவில்லை. அப்புறம்தான் அழுதார்.

"கீழ போய்ப் படும்மா, அது பாத்துக்கும்" என்றான் மகன்.

நான் ஒரு நாற்காலியை இழுத்து, டிரம் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன்.