மாமாவின் பல் பிடித்த கதை

ஒரே வீட்டில் இரண்டு பேருக்குப் பல் ஆடினால் இரண்டு பேருக்கும் ஒரே நியாயம்தானே இருக்க வேண்டும்? எங்கள் ஆவடி குவார்ட்டர்ஸில் அப்படி இல்லை. எனக்கு ஏழு வயதில் கீழ்ப்பல் ஆடியபோது அம்மா நூலைக் கட்டி இழுக்கப் பார்த்தாள். அவளுடைய தம்பிக்கு, அதாவது என் மாமாவுக்கு, முன்பல் ஆடியபோது முகப்பேருக்கு பஸ் ஏற்றிக் கூட்டிப்போய்க் கம்பி போட்டுக் கட்டவைத்தாள். நானும் கூடவே போனேன்.

கல்யாணத்துக்கு நாள் நெருங்கிவிட்ட நேரம் அது. பருத்திப்பட்டு ஏரிப் பக்கம் கிரிக்கெட் ஆடப் போன மாமா, பந்தை வாயால் பிடித்துவிட்டு வந்திருந்தார்.

பல் டாக்டரம்மா அசைத்துப் பார்த்தார். "ஈறு கெட்டு ஆடினா கஷ்டம். இது அடிபட்டு ஆடுது, ஈறு நல்லா இருக்கு. தொந்தரவு பண்ணாம விட்டா மறுபடி பிடிச்சுக்கும். நாக்கால தள்ளிப் பாக்காதீங்க" என்று சொல்லி, பக்கத்துப் பற்களோடு சேர்த்து ஒரு மெல்லிய கம்பியை ஒட்டினார். எனக்கும் கட்டச் சொல்லி வாயைத் திறந்து காட்டினேன். "உனக்கு அடியில வேற பல்லு காத்துக்கிட்டு இருக்கு. மாமாவுக்கு இல்லையே" என்றார். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா எங்கள் இருவரையும் நிற்கவைத்தாள். "தாலி கட்ற வரிக்கும் ரெண்டு பேரும் வாயத் தொறக்கக் கூடாது. பொண்ணு ஊட்ல தெரிஞ்சா மானம் பூடும்." மாமா திறந்தால் கம்பி தெரியும், நான் திறந்தால் விஷயம் தெரியும்.

அன்றிலிருந்து மாமாவுக்கு ரசம் சாதம்தான். மணப்பெண் போன் செய்தால் வெறும் 'ம்' கொட்டுவார். அவர் நாக்கு பல்லைத் தேடிப் போகிறதா என்று பார்த்துக்கொள்வது என் வேலை. போனால், "மாமா, நாக்கு" என்பேன்.

பூந்தமல்லி மண்டபத்தில் முதல் நாள் சாயங்காலம் வரவேற்பு. "கொஞ்சம் சிரி அண்ணாத்தே" என்று போட்டோக்காரர் கெஞ்சிக்கொண்டே இருந்தார். மாமா உதட்டைப் பூட்டிக்கொண்டு நின்றார். யாரோ கூப்பிட்டு அவர் கீழே இறங்கிய நேரத்தில் மணப்பெண் என்னைப் பக்கத்தில் இழுத்தாள். கண் கலங்கியிருந்தது.

"பாப்பா, உங்க மாமாவுக்குப் புடிக்கலையா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆக, விஷயம் தெரிந்துவிட்டது. தெரிந்தவரிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

"இன்னும் புடிக்கலக்கா" என்றேன்.

அவள் முகம் வாடிவிட்டது. பார்க்கவே பாவமாக இருந்தது. "அழாதீங்கக்கா. கொஞ்ச நாள்ல புடிச்சிக்கும்னு டாக்டரம்மா சொல்லிக்கிறாங்க. அதுக்குத்தான் கம்பி போட்டுக் கட்டிக்கீது."

"கம்பியா? எதுக்கு?"

"பல்லுக்குத்தான். பந்து பட்டு ஆடிகினு கீது."

மாமா மேடைக்குத் திரும்பியதும், "கொஞ்சம் வாயத் தொறங்க" என்றாள் அவள். மாமா என்னை முறைத்தார். வேறு வழியில்லாமல் திறந்தார். எட்டிப் பார்த்தவள், கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தாள். மாமாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது, கம்பி பளபளக்க. போட்டோக்காரர் விடுவாரா? அந்தப் படம்தான் இன்றும் அவர்கள் வீட்டுச் சுவரில் தொங்குகிறது.

கம்பியைப் பிறகு எடுத்தார்கள். பல் அசையவே இல்லை. அதே பல்லில்தான் மாமா இன்றும் முறுக்குக் கடிக்கிறார்.

கல்யாணமான புதிதில், குழம்பில் உப்பில்லை என்று மாமா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால், அத்தை என்னைத்தான் கூப்பிடுவாள். "பாப்பா, உங்க மாமாவுக்குப் புடிக்கலையாம்." நான் பதறி ஓடிப்போய், மாமாவின் வாயைத் திறக்கச் சொல்லி, அந்தப் பல்லை விரலால் ஆட்டிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் புடிச்சிகினு கீது" என்பேன். வீடே விழுந்து விழுந்து சிரிக்கும். பல் அவ்வளவு கெட்டியாக இருக்கும்போது அத்தைக்கு மட்டும் ஏன் திரும்பத் திரும்ப இந்தச் சந்தேகம் வருகிறது என்று எனக்குப் புரியவே இல்லை.