எந்தக் கழுதை, டிலானி?

என் மகளைக் கழுதை உதைக்கவில்லை. அவளை அடித்தது நான்.

இந்த ஒரு வரி என் வாயில் வர இத்தனை வருடம் ஆயிற்று. பிள்ளைகளே, இதை வாசிக்கிற உங்களில் யாரும் என் மகளைக் கண்டதில்லை. அதனால்தான் உங்களிடம் சொல்ல முடிகிறதோ என்னவோ... சொல்லவேண்டிய இடம் வேறு என்பது எனக்குத் தெரியும்.

நான் மன்னாரில் கடலுக்குப் போகிறவன். நண்டு வலை போடுகிற தொழில். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். என் மூத்த மகள் டிலானி ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தியடைய வேண்டும் என்று நினைத்தேனே, அது ஆசையல்ல, வெறி.

அந்த வருடம் அவளுடைய வகுப்புக்கு வங்காலையிலிருந்து ஒரு டீச்சர் வந்தார். எங்கள் ஊர்த் தெருக்களில் கழுதைகள் தம் பாட்டில் திரியும். பஸ் நிலையத்தில் நிற்கும், கடை வாசலில் படுக்கும். டீச்சர் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிக்கொண்டு அந்தக் கழுதைகளுக்குப் பின்னால் போனார்.

சிரிப்பு வருகிறதா? நாங்களும் சிரித்தோம்.

கழுதைகள் எந்த வழியால் போகின்றன, எங்கே தண்ணீர் குடிக்கின்றன என்று பார்த்து வந்து படம் கீறினார்கள். ஒழுகுகிற குழாயின் கீழ் வாளி வைத்து, சேர்ந்த தண்ணீர் எத்தனை கழுதைக்குக் காணும் என்று பிரித்துப் பார்த்தார்கள். அது கணக்கு. முன்னொரு காலத்தில் இவற்றை இங்கே கொண்டுவந்தது யார் என்று கடைக்கார நானாவிடம் போய்க் கேட்டார்கள். அது வரலாறு. பிளாஸ்டிக் சொப்பிங் பையைத் தின்ற கழுதையின் வயிற்றுக்குள் என்ன நடக்கும் என்பது சுற்றாடல் பாடம். ஒவ்வொரு கழுதைக்கும் பெயர் வைத்து அதைப் பற்றி எழுதினார்கள். தமிழும் ஆயிற்று.

வகுத்தல் கணக்கென்றால் அழுகிற என் மகள், குழாய்த் தண்ணீரைக் கழுதைகளுக்குப் பங்கு பிரிக்கிற விதத்தை எனக்கே விளங்கப்படுத்தினாள். சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்து கேட்டாள்:

"அப்பா, மாட்டுக்கு ஆக்கள் இருக்கினம், ஆட்டுக்கு ஆக்கள் இருக்கினம். கழுதைக்கு மட்டும் ஏன் ஒருத்தரும் இல்லை?"

"கதையாமச் சாப்பிடு," என்றேன்.

எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லியிருக்கலாம்தானே? தகப்பன் தெரியாது என்று சொன்னால் வானம் இடிந்தா விழும்?

கரையில் வலையிலிருந்து நண்டு கழற்றும்போது, என்னோடு கடலுக்கு வருகிற சவிரி பகிடியைத் தொடங்கினான்.

"மச்சான், உன்ர மகள் கழுதைக்குப் படிக்கிறாளாமே. பாஸ் பண்ணினா கழுதை டொக்டரோ?"

"டொக்டரோ? இப்பதான் பின்னால நடக்கவே பழகினமாம்," என்றான் பக்கத்தில் நின்றவன்.

எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு நேரே பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.

டீச்சர் பொறுமையாகத்தான் சொன்னார். "டிலானியின்ர அப்பா, பிள்ளையின்ர தலைக்குள்ள கணக்குக்கு ஒரு அறை, தமிழுக்கு ஒரு அறை எண்டு இல்லை. எல்லாம் ஒரே வீடுதான். நான் நடுவில இருக்கிற கதவுகளைத் திறந்து விடுறன், அவ்வளவுதான்."

"சோதினையில கழுதை வராது டீச்சர்."

"வராதுதான். யோசிக்கச் சொல்லி வரும்."

அந்தச் சொல்லை வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தால்... நான் கொண்டுபோனது சவிரியின் பகிடியை.

அன்று பின்னேரம் வாசலுக்கு வந்தபோது டிலானி நிலத்தில் குப்புறப் படுத்துக் கீறிக்கொண்டிருந்தாள். நான் பிரதி எடுத்துக் கொடுத்த பரீட்சை வினாத்தாளின் பின்பக்கம் முழுக்கக் கழுதைகள் போகும் பாதை. கோயிலடி, குழாயடி, எங்கள் வீடு. எங்கள் வீட்டு வாசலில் என்னையும் கீறியிருந்தாள், கையில் வலையோடு.

அதை நான் பிறகுதான் கவனித்தேன்.

அவளைத் தூக்கி நிறுத்தி வலது கையால் அறைந்தேன். விழுந்த வேகத்தில் முழங்காலுக்குக் கீழே, பக்கத்தில் கிடந்த மரக் கதிரையின் கால் அடித்தது. அந்த இடம் நீலம் பாரித்துக் கண்டிப்போயிற்று. மனைவி உப்பு ஒத்தடம் கொடுத்தாள்.

இது என் முதல் பிழை. இதோடு நின்றிருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்கமாட்டேன்.

அந்தக் கிழமையே பெற்றோர் கூட்டம் வந்தது. கழுதைப் பாடத்தை நிறுத்தச் சொல்லிக் கேட்கத்தான் போனேன். டிலானி பக்கத்தில் இருந்தாள். முன்வரிசையில் இருந்த ஒரு தாய் திரும்பிப் பார்த்து, "என்ன, பிள்ளையின்ர காலில நீலம்?" என்று கேட்டாள்.

"கழுதை உதைச்சது," என்றேன்.

யோசித்து வைத்த பொய்யல்ல அது. வாயில் வந்தது. வந்த பிறகு அதைப் பிடித்து விழுங்கவும் நேரம் இருந்தது... நான் விழுங்கவில்லை. மண்டபத்தில் எழுந்த இரைச்சல் எனக்கு வசதியாக இருந்தது. உண்மையைச் சொல்லட்டுமா? ஒரு கணம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

அதிபர் டிலானியைக் கூப்பிட்டார். "உண்மையோ பிள்ளை?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "ஓம் சேர்."

டீச்சர் வந்து அவள் முன்னால் முழங்காலில் இருந்து, காலைத் திருப்பிப் பார்த்தார். மெதுவாகக் கேட்டார்: "எந்தக் கழுதை, டிலானி?"

பிள்ளைகளே, எங்கள் ஊரின் கழுதைகள் எல்லாவற்றையும் அவளுக்குத் தெரியும். கிழிஞ்ச காதன், முதுகில் சிலுவைக் கோடு உள்ள சிலுவையான், றோட்டை விட்டு நகராத மகாராணி... தூரத்தில் வாலைக் கண்டே பெயர் சொல்லுவாள். ஏதாவது ஒரு பெயரைச் சொல்லியிருந்தால் என் பொய் நிலைத்திருக்கும். ஆனால் செய்யாத குற்றத்தை ஒரு கழுதையின் தலையிலும் போட அவளுக்கு மனம் வரவில்லை.

"தெரியாது டீச்சர்," என்றாள்.

டீச்சர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருக்கவில்லை. கோபம் இருந்திருந்தால் நானும் கோபப்பட்டுத் தப்பியிருப்பேன். பிறகு எழுந்து அதிபரிடம் சொன்னார்: "என்ர கவனக்குறைவுதான் சேர்."

ஏன் அப்படிச் சொன்னார்? அடுத்த கேள்வியைக் கேட்டிருந்தால் என் மகள் அத்தனை பேருக்கும் முன்னால் தகப்பனா உண்மையா என்று தெரிவு செய்யவேண்டி வந்திருக்கும். அந்த இடத்தில் டீச்சர் அவளை நிற்க விடவில்லை. பெற்றவன் நான் நிற்க விட்டேன்.

மறுநாளே வெளியே போகிற பாடம் நின்றது. வருடம் முடிய டீச்சர் மாற்றலாகிப் போய்விட்டார். டிலானி பரீட்சையில் சித்தியடைந்தாள். கோயில் வாசலில் எனக்குக் கை கொடுத்தார்கள். "நீ அண்டைக்கு வாய் திறந்தபடியாத்தான் மச்சான் பிள்ளை தப்பினது," என்றான் சவிரி. நான் கையைக் கொடுத்தேன். மறுக்கவில்லை.

தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய்ப் பாதிரியார் முன் முழங்காலில் இருந்தும், "பிள்ளையில கோபப்பட்டேன் சுவாமி" என்று மட்டும் சொன்னேன். கழுதையைப் பற்றிச் சொல்லவில்லை. கடவுளிடமே பாதியை மறைத்தவனை நீங்கள் எப்படி நம்புவது?

டிலானி இப்போது பெரிய வகுப்பு. நல்ல புள்ளிகள் எடுக்கிறாள். ஆனால் சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்து என்னிடம் ஒரு கேள்வியும் கேட்பதில்லை.

என் சின்ன மகள் அதே பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு. போன மாதம் வந்து சொன்னாள்: "அப்பா, நாங்கள் கேற்றுக்கு வெளியில பாடத்துக்குப் போகேலாதாம். முந்தி ஒரு பிள்ளைக்குக் கழுதை உதைச்சதாம்."

என் பொய் பள்ளிக்கூடத்தின் சட்டமாகிவிட்டது. அக்காவை எழுப்பிவிட்ட பாடம் தங்கைக்குக் கிடைக்கவில்லை. அவளுக்குக் கிடைத்தது பயம். கழுதையைக் கண்டால் நடுங்குகிறாள்.

"அது அக்காவோ அப்பா? நல்லா நொந்ததோ?"

"அக்காவிட்டக் கேள்," என்றேன்.

சீப்பால் தலை இழுத்துக்கொண்டிருந்த டிலானி கண்ணாடியை விட்டுத் திரும்பவில்லை. "அப்பாவிட்டயே கேள். அவருக்குத்தான் தெரியும்."

சொல்ல அதைவிட நல்ல நேரம் வராது. நான் சொன்னது இவ்வளவுதான்: "ஓம்... நொந்தது."

போன ஞாயிறு பூசை முடிந்து மூவரும் நடந்து வந்தோம். குறுக்கே ஒரு கழுதை, குட்டியோடு நின்றது. சின்னவள் இரண்டு கையாலும் என் வலது கையை இறுக்கிப் பிடித்து எனக்குப் பின்னால் ஒளிந்தாள். டிலானி நேரே போய் அதன் காதடியைச் சொறிந்தாள். கழுதை கண்ணை மூடிக்கொண்டு நின்றது. அவள் திரும்பி, தங்கை பற்றியிருந்த என் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இங்கால வா," என்றாள் தங்கையிடம். "அது ஒண்டும் செய்யாது."

சின்னவள் என் கையை விடவில்லை.