கிழக்குச் சுவரும் மேற்குச் சுவரும்

கட்டட வடிவமைப்பு அலுவலகம் ஒன்றில் வரைபடம் போடும் வேலைக்கு நான் சேர்ந்த வருடம், எங்கள் சார் ஒரே ஒரு வீட்டைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார். இரண்டாயிரமாவது ஆண்டு பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. வெயில் ஊர்களில் ஏழைகள் புழுங்காமல் இருக்க ஒரு வீடு. நான்கு மூலையில் இரும்புத் தூண்கள். அவற்றின்மேல் நடுவில் காற்று ஓடும் இரட்டைக் கூரை. சுவர்கள் எல்லாம் நிலக்கரிச் சாம்பலில் செய்த பலகைகள். பாரம் எதையும் தாங்காமல் தூண்களில் போல்ட் போட்டு நிற்பவை.

"ஒரு ஸ்பேனர் இருந்தா போதும், யார் வேணும்னாலும் கழட்டி மாட்டலாம்" என்று சார் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்வார்.

மாதிரி வீட்டுக்கு எண்ணூர் போகும் சாலையோரம், அனல்மின் நிலையச் சாம்பல் தினமும் பறந்து வந்து படியும், கடலைப் பார்த்த குப்பத்தில் இடம் கிடைத்தது. நான் திருவொற்றியூர்க்காரி. அந்தப் பக்கம் பஸ் வழி தெரிந்தவள் அலுவலகத்தில் நான் ஒருத்திதான் என்பதால் மேற்பார்வை என் தலையில் விழுந்தது.

வீட்டின் சூட்சுமம் இரண்டு சுவர்களில் இருந்தது. கடல் பக்கம், அதாவது கிழக்கே, சாய்ந்த பட்டைகளுக்கு நடுவே காற்று புகும் சுவர். லாரிகள் ஓடும் மேற்கே, வெயிலையும் புழுதியையும் தடுக்கும் கெட்டிச் சுவர். பலகைகள் கிடந்த கிடங்கில் வரைபடத்தைத் தரையில் விரித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் பெயிண்ட்டால் 'கி', 'மே' என்று எழுதினேன். எதிர்ப்பக்கம் நின்று, வரைபடத்தைத் தலைகீழாகப் பார்த்து எழுதினேன் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

பலகைகளை மாட்டிய அன்று சாயங்காலம் நான் போய்ச் சேர்ந்தபோது வீடு முடிந்து, ஆட்கள் கிளம்பியிருந்தார்கள். கெட்டிச் சுவர் கடலை மறைத்துக்கொண்டு நின்றது. காற்றுச் சுவர் லாரிகளைப் பார்த்து வாயைத் திறந்துகொண்டிருந்தது. மறுநாள் காலை சாவி கொடுக்கும் விழாவில் சார் கண்டுபிடித்துவிடுவார் என்று பயந்தேன். ஆனால் கடல் பக்கச் சுவர் முழுவதையும் மறைத்து ஒரு பேனர் கட்டியிருந்தார்கள். சாலைப் பக்கம் ஷாமியானா. சார் கூரையையே அண்ணாந்து பார்த்துவிட்டு, இந்த வீட்டைப் பற்றிப் பேச டெல்லிக்கு ரயில் ஏறினார்.

வீட்டுக்கு வந்தவர்கள் ஒரு கணவன் மனைவி. மனைவியை நான் அக்கா என்று கூப்பிட்டேன்; வீட்டிலேயே ஜாக்கெட் தைப்பவர். கணவர், எனக்கு அண்ணன், மணலியில் லாரி ஒர்க்ஷாப்பில் ஃபிட்டர். சுவர் எதில் செய்தது என்று சொன்னதும் அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"தெனம் பெருக்கிக் கொட்ற சாம்பல இன்னாத்துக்கு செவுரா வச்சிக்கீறீங்க? கேட்டுருந்தா நாங்களே முறத்துல தந்துருப்போமே."

உள்ளே ஒரு தெர்மாமீட்டர் மாட்டி, ஒரு நோட்டும் கொடுத்திருந்தோம். தினமும் மூன்று வேளை சூட்டைக் குறிக்க வேண்டும். வாரா வாரம் நான் போய்ப் பார்ப்பேன். முதல் வாரம் முழுக்க முப்பது. இரண்டாம் வாரமும் முப்பது. இரண்டையும் டெல்லியில் இருந்த சாருக்குப் போனில் சொன்னேன். மூன்றாம் வாரம் நான் போன மதியத்தில் தெர்மாமீட்டர் முப்பத்தொன்பது காட்டியது. தையல் மிஷின் மேல் மெல்லிய புழுதி. அக்கா முந்தானையால் விசிறிக்கொண்டே, என் கண்ணெதிரில் முப்பது என்று எழுதினார்.

"அக்கா, முப்பத்தொம்போது கீதே."

"கீது. எழுதுனா அந்த சாரு மனசு கஷ்டப்படும்மே. அம்மாந்தூரத்துலருந்து வந்து கட்டிக் குட்த்துக்கீறாரு."

இவ்வளவு நல்ல மனசுக்கு முன்னால் என்னால் தாங்க முடியவில்லை.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். சாருக்குத் தெரியக் கூடாது."

"இன்னா, லவ்வா?"

"இல்லக்கா. செவுரு மாறிப்போச்சு. என் தப்பு."

விஷயத்தைக் கேட்டுவிட்டு அக்கா கோபப்படவில்லை. வாசலில் படுத்திருந்த அண்ணனைக் காலால் தட்டி எழுப்பினார். "யோவ், உங்க ஒர்க்ஷாப்புல ஸ்பேனர் கீதுல்ல?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணன் இரண்டு தோஸ்துகளைக் கூட்டிவந்தார். சார் சொன்னது உண்மைதான். யார் வேண்டுமானாலும் கழற்றலாம். ஒன்பது மணிக்குக் கிழக்கும் மேற்கும் திறந்து கிடந்தன. அக்கா அதைப் பற்றிக் கவலைப்படாமல் நடுவில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தார். போகிற பஸ்ஸிலிருந்து எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். சுவர் இருந்த இடம் வழியாக ஒரு பெண் நேராக உள்ளே வந்து, அளவு ஜாக்கெட்டைக் கொடுத்துவிட்டு, மறுபக்கம் இறங்கிப் போனாள்.

பன்னிரண்டு மணிக்குள் சுவர்கள் இடம் மாறிவிட்டன. ஒரு மணி சுமாருக்குக் கடற்காற்று பட்டைகளுக்கு நடுவே நுழைந்தது. வெட்டி வைத்திருந்த துணித் துண்டுகள் பறந்தன. அக்கா அவற்றைப் பொறுக்காமல் கண்ணை மூடிக்கொண்டு சற்று நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். தெர்மாமீட்டர் முப்பத்திரண்டுக்கு இறங்கியது. "இனிமே நெசத்த எழுதலாம்" என்றார், பெரிய பாரம் இறங்கியவர் போல.

வினை அங்கேதான் வந்தது. பொய்யாக எழுதிய மாதத்தில் முப்பது. உண்மையை எழுதிய மாதத்தில் முப்பத்திரண்டு. இரண்டு மாதம் கழித்து டெல்லியிலிருந்து திரும்பிய சார் நோட்டைப் பார்த்துவிட்டு, வீடு ஏன் சூடாகிக்கொண்டே போகிறது என்று இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள், நிதி கொடுத்த அமைப்பிலிருந்து வந்த இருவரையும் என்னையும் ஏற்றிக்கொண்டு நேரில் புறப்பட்டுவிட்டார்.

வீட்டை ஒரு சுற்றுச் சுற்றினார். கடல் பக்கம் வந்ததும் நின்றார். காற்றுச் சுவரில் என் கையெழுத்தில் பெரிதாக 'மே' என்று இருந்தது.

"மேற்குன்னு போட்டிருக்கு. ஏன் கிழக்குல இருக்கு?"

அக்கா முந்திக்கொண்டார். "அது மேற்கு இல்ல சார், மே மாசம். மே மாசத்துல மாட்டுனது."

வந்தவர்களில் ஒருவர் மறுபக்கம் எட்டிப் பார்த்தார். "அப்ப அங்க 'கி'ன்னு இருக்கே?"

"அது கிருத்திக அன்னிக்கு மாட்டுனது சார்."

அண்ணன் இருமிக்கொண்டு வெளியே போனார். வந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். யார் மாட்டியது என்று கேட்டார்கள். "நாங்கதான், ஒரே காலைல" என்று அக்கா நெஞ்சை நிமிர்த்திச் சொன்னதும், ஒரே காலையில் குடியிருப்பவர்களே சுவரை மாற்றிக்கொண்டார்களா என்று அவர்களுக்கு ஒரே ஆச்சரியம். சார் உடனே, திட்டமே அதுதான் என்பது போலத் தலையாட்டினார்.

திரும்பும் வழியில் அவர்களை ரயில் நிலையத்தில் இறக்கிவிட்டு, சார் டீக்கடை முன்னால் வண்டியை நிறுத்தினார். இரண்டு டீ வாங்கி ஒன்றை என்னிடம் நீட்டினார். நான் முழுக்கதையையும் சொன்னேன், முப்பது உட்பட.

அவர் டம்ளரைப் பெஞ்சில் வைத்தார்.

"அந்த முப்பதை வச்சு டெல்லியில நாற்பது நிமிஷம் பேசிட்டு வந்திருக்கேன்."

"தெரியும் சார்."

"இதை யார்கிட்டயும் சொல்லாதே."

"சரி சார்."

"சாவி குடுத்த அன்னிக்கு நானாவது பார்த்திருக்கணும்" என்றார் பிறகு, டீயை முடித்துவிட்டு. அதோடு அந்தப் பேச்சை விட்டார். என் வேலை போகவில்லை. டெல்லிக்கு மட்டும், அளவுகளைத் திருத்திக்கொள்ளுமாறு காரணம் சொல்லாமல் ஒரு கடிதம் போனது. தட்டச்சு செய்தவள் நான்.

சடையங்குப்பத்தில் வெள்ளம் ஏறாத உயரத்தில் இன்னும் ஆறு வீடுகளுக்கு அனுமதி கிடைத்தது. அதற்கு முன் மாதிரி வீட்டுக்காரர்களிடம் ஒரு படிவம் நிரப்ப வேண்டியிருந்தது. சாரே பேனாவோடு உட்கார்ந்தார். வெளிச்சம், காற்று, புழுதி எல்லாவற்றுக்கும் அக்கா நல்லபடியாகவே சொல்லிக்கொண்டு வந்தார். கடைசிக் கேள்வி: வீட்டில் ஏதாவது குறை உண்டா?

அக்கா சமையல் மூலையைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எங்க மாமியா புளியந்தோப்புலருந்து ஒரு வாரம் இருந்துட்டுப் போறேன்னு வந்துச்சு சார். இங்க ஜில்லுனு கீதுன்னு ரெண்டு மாசமா போமாட்டேன்னுது. அது ஒண்ணுதான் பேஜாரு."

சார் அதை ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டார்.